ரெண்டு பை மாவு

— ஒரு மனுஷன் கடை வாசல்ல செருப்புத் தூசியைத் தட்டறதுக்குள்ள, அவன் என்ன வாங்குவான், எத்தனை வாங்குவான்னு நான் சொல்லிடுவேன் அக்கா. மனித குலத்துக்கு இனிமே ரகசியம்னு ஒண்ணு கிடையாது.

— நல்லதுப்பா. மனித குலத்துக்குக் கொஞ்சம் வழி விட்டு நில்லு. பில் போடற இடத்தை மறைக்காதே.

— பெருமைக்குச் சொல்லலை. ரெண்டே கேள்வி. வாங்குவானா, மாட்டானா? இது வாசப்படி. படி தாண்டினவனுக்கு மட்டும் ரெண்டாவது கேள்வி: எத்தனை? ஊரே இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டிருந்துச்சு. நான்தான் பிரிச்சுக் கணக்குப் போட்டேன்.

— இதுக்குத்தான் மேனேஜர் என்கிட்டருந்து ஆர்டர் எழுதற வேலையைப் பிடுங்கி உன் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தாரா? பதினோரு வருஷம் எழுதினேன்.

— எதைப் பார்த்து எழுதினீங்க?

— வர்றவங்க மூஞ்சியைப் பார்த்து.

— மூஞ்சி! அக்கா, மூஞ்சி ஆதாரம் இல்ல. வாயும் ஆதாரம் இல்ல. எங்கப்பாவையே எடுத்துக்கங்க. அடிவயித்துல ஆப்பரேஷன் முடிஞ்சதுலருந்து ஆறு மாசமா வீட்டை விட்டு நகரலை. என் பட்டமளிப்பு விழாவுக்கே வரலை. பஸ்ல நாப்பது நிமிஷம். கேட்டா முட்டி வலிங்கறாரு. டாக்டர் முட்டியில ஒண்ணுமே இல்லைங்கறாரு. வாய் அப்படித்தான். பில்லு மட்டும்தான் பொய் சொல்லாது.

— ஓஹோ.

— அந்தப் பில்லுலருந்து என்ன கண்டுபிடிச்சேன் தெரியுமா? அறுபது தாண்டினவங்க வாராவாரம் கோதுமை மாவு வாங்கறாங்க. அஞ்சு கிலோ பை, ரெண்டு ரெண்டா. உறுப்பினர் அட்டையில வயசு இருக்கே, பார்த்தேன். ஒண்டிக்கட்டைங்க கூட வாங்கறாங்க! 'முதுமையில் மாவுப் பசி'ன்னு தலைப்பு வச்சு மேனேஜர் முன்னாடி அரை மணி நேரம் பேசினேன். கண்ணு கலங்கிட்டாரு.

— அதான் குடோன்ல முந்நூறு பை மாவு வந்து இறங்கி, கால் வைக்க இடமில்லையா?

— எதிர்காலம் கொஞ்சம் இடத்தை அடைக்கத்தான் செய்யும். அதுக்குப் பதிலா, ஓடாத சரக்கை நிறுத்திட்டேன். பெரியவங்க டயப்பர் நாலு மாசமா ஒண்ணுகூட விக்கலை.

— நிறுத்திட்டியா! என் மேஜைக்குக் கீழ ஒன்பது பாக்கெட்தான்டா இருக்கு!

— பூஜ்யம் பேருக்கு ஒன்பது பாக்கெட் தாராளம் அக்கா.

— அம்மா… ரெண்டு பை மாவு.

— வாங்க சார். எடுத்தே வச்சிருக்கேன், இந்தாங்க.

— பாருங்க, சொல்லச் சொல்ல வர்றாங்க! ஐயா, ஒரு நிமிஷம். ஆராய்ச்சிக்காகக் கேக்கறேன். இவ்வளவு மாவை வச்சு என்ன பண்ணுவீங்க?

— …பசை காய்ச்சுவேன்.

— பத்து கிலோவையுமா?

— புஸ்தகம் நிறைய கிழிஞ்சு கிடக்கு.

— நீங்க கிளம்புங்க சார். இந்தத் தம்பி புதுசு. படிப்பு கொஞ்சம் தலைக்கேறிக் கிடக்கு.

— பசை… இதை யோசிக்கவே இல்லையே. குறிச்சுக்கறேன். அக்கா, ஒரு சின்னச் சந்தேகம்.

— கேளு.

— அவரு ஒரு கையில தடி வச்சிருக்காரு. இன்னொரு கையில அந்தக் கறுப்புப் பை, பத்து கிலோ. அதை ஒத்தை விரல்ல மாட்டிக்கிட்டுப் போறாரே?

— உன் ரெண்டு கேள்வியில எது அதுக்குப் பதில் சொல்லும்?

— அக்கா. அந்தக் கறுப்புப் பையில என்ன இருக்கு?

— டயப்பர்.

— பில்லுல?

— மாவு. ரெண்டும் ஒரே விலை. கடைக்குப் பத்து பைசா நஷ்டமில்ல.

— அப்போ அந்த நாலு மாசப் பில்லுல நான் பார்த்தது…

— நீ டயப்பரைப் பார்த்துத்தான் மாவுப் பசின்னு பேசியிருக்கே. மேனேஜரும் கண்ணு கலங்கியிருக்காரு.

— இது மோசடி!

— ஒருத்தர் மூணு நாள் வந்தாரு. அந்த அலமாரி முன்னாடி நிப்பாரு, யாராவது வந்தா நகர்ந்துடுவாரு. மூணு நாளும் ஒரு சோப்பை வாங்கிட்டுத் திரும்பிட்டாரு. நாலாவது நாள் நானே பையில போட்டு, 'சார், உங்க மாவு'ன்னு நீட்டினேன். அப்பதான் தலையே நிமிர்ந்துச்சு. வீட்டுல பில்லை மருமக பார்ப்பாளாம். அதனால பில்லுலயும் மாவு. அவரு சொல்லி இன்னொருத்தர் வந்தாரு. இப்போ இருபத்தாறு பேரு. ஆர்டர் என் கையில இருந்தவரைக்கும் மாவைக் குறைச்சு, இதைக் கூட்டி நானே நேர் பண்ணிட்டிருந்தேன்.

— வாங்கற பொருளோட பேரைச் சொல்ல வெக்கப்படறவங்களுக்காகக் கணக்கையே கெடுப்பீங்களா? நானா இருந்தா நெஞ்சை நிமிர்த்தி, பேரைச் சொல்லித்தான் கேப்பேன். வெக்கம்னு ஒரு கட்டம் என் பட்டியல்லயே கிடையாது.

— அதான் உன் பட்டியல் நாறுது. வாசப்படின்னியே, அது எவ்வளவு உசரம்னு தெரியுமா உனக்கு? இப்போ போனாரே அந்த சார், ரெண்டு வருஷமா ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல, பஸ் ஏறினதில்ல. எங்க நனைஞ்சிடுமோன்னு பயம். யாரு கேட்டாலும் ஒரே பதில்தான்.

— என்ன பதில்?

— முட்டி வலி.

— முட்டி வலியா?

— ஆமா. மோசடின்னியே, மேனேஜர் உள்ளதான் இருக்காரு. போ, சொல்லு. வேலையை விட்டுத் தூக்கச் சொல்லு. இந்த நாற்காலியில உக்கார்ற கடைசி நிமிஷம் வரைக்கும் நான் மாவுன்னுதான் அடிப்பேன். அவரே வந்து எதிர்ல நின்னாலும் அடிப்பேன். என்ன முறைக்கறே? நான் பயப்படற ஆளில்ல தம்பி.

— முறைக்கலை அக்கா.

— அப்புறம் ஏன் மரம் மாதிரி நிக்கறே? பின்னாடி வரிசை சேருது. ஒண்ணு உள்ள போ, இல்ல வெளிய போ.

— அக்கா… கொஞ்சம் கிட்ட வாங்க.

— சொல்லு.

— ரெண்டு பை மாவு.

— …அளவு?

— பெரிசு. அப்பாவுக்கு. பில்லுலயும் மாவுன்னே அடிச்சிடுங்க.