சந்தேகமா இருந்தா வேண்டாம்

பேக்கைக் கீழ வைடான்னா கேக்க மாட்டேங்கற. சரி, சுமந்துகிட்டே நில்லு ஆல்வின், எனக்கென்ன. நாகர்கோவில் பஸ் இன்னும் தாம்பரத்தையே தாண்டலையாம். பெருங்களத்தூர்ல நின்னு கால் மரத்துப்போகாதவன் எவன்.

இல்லடா, வழியனுப்பத்தான் வந்தேன். எட்டு வருஷம் பக்கத்து சீட்டு, வராம இருப்பேனா?

ஆனா நம்ம கம்பெனிக்கு ஒரு கும்பிடு போடணும். பண்றது ஆஸ்பத்திரி மானிட்டர். உள்ள இருந்து ஓட்டற கெர்னல் படுத்துட்டா, கடைசியா என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு அதுவே எழுதி வெச்சுடும். நம்ம ஆபீஸ்ல வேற எவனுக்கும் இல்லாத நல்ல பழக்கம். நம்ம மேனேஜர் சத்யநாராயணன் சாருக்குப் பொறுக்கல. அதனால மெஷின் ஆன் ஆக அரை செகண்ட் லேட் ஆகுதாம். சாஃப்ட்வேரைக் கோத்து பில்ட் பண்றவன் வேணும்னா வெச்சுக்கட்டும், வேண்டாம்னா தூக்கிடட்டும்னாரு. அந்த அரை செகண்டுக்குக் கேக் வேற வெட்டினோம்.

ஆமா, அந்த ஆப்ஷனை எழுதினது நான்தான். மறப்பேனா? கீழ ஒரு குறிப்பும் போட்டேன், சந்தேகமா இருந்தா வேண்டாம்னு போடுங்கன்னு. எல்லாரும் எழுதற வரிதானே. நம்மாளுங்களுக்கு எப்ப சந்தேகம் இல்லாம இருந்திருக்கு? எல்லா பில்ட்லயும் வேண்டாம்.

அப்புறம் ஒரு ஐசியூல நம்ம மானிட்டர் ஸ்கிரீன் நாலு நிமிஷம் அப்படியே நின்னு போச்சு. நர்ஸம்மா பக்கத்துல இருந்ததால பெட்ல இருந்த பெரியவர் பொழைச்சாரு. ஏன் நின்னுச்சு? எழுதி வெக்கத்தான் ஆள் இல்லையே. கடைசியா புரோகிராமைத் தொட்டது யாருன்னு பாத்தாங்க, ஆல்வின்னாங்க. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. என்ன ஆராய்ச்சி, என்ன அறிவு. உன் சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

நான் ஏன் மீட்டிங்ல வாயைத் திறக்கலன்னா... சந்தேகமா இருந்துச்சுடா. வேண்டாம்னு போட்டுட்டேன்.

வீட்ல ஜோவிதா என்ன சொல்றா? பாப்பாவை ஊர் ஸ்கூல்லயே சேத்தாச்சா. ம். ரெண்டு இன்டர்வியூலயும் இந்த ஐசியூ விஷயத்தையேதான் கேட்டாங்களா.

போன ஞாயித்துக்கிழமை மேடவாக்கத்துல தண்ணி லாரிக்குக் காத்துக்கிட்டிருந்தேன். பொழுது போகலைன்னு அதே புரோகிராமை எடுத்து, அந்த ஆப்ஷனைப் போட்டு பில்ட் பண்ணி ஓட்ட விட்டேன். லாரி வரல, மூணு மணி நேரத்துல கெர்னல் படுத்துடுச்சு. கடைசியா என்ன பண்ணுச்சுன்னு வரிவரியா எழுதி வெச்சிருந்துச்சு. அதுல நீ தொட்ட எதுவும் இல்லடா. ஒரு டைமர். போன வருஷம் நான் எழுதினது.

யாருகிட்டயும் சொல்லல. நீ ஏறி உக்காந்தப்புறம் ஜன்னல் வழியா சொல்லிடலாம்னு இருந்தேன். வண்டி நகந்துட்டா நீயும் என்ன பண்ணிடுவ. பாழாப்போன பஸ் இவ்ளோ லேட் பண்ணும்னு யார் கண்டா.

இதோ வந்துடுச்சு பாரு. நாகர்கோவில்தான். ஏறுடா, ஹாரன் அடிக்கறான். அப்பவே வைன்னப்போ வெக்கல, இப்ப எதுக்குடா பேக்கைக் கீழ வைக்கற?