சக்கரை தின்னாத ரகம்

நீ பேசாத கண்ணு, தலைய மட்டும் ஆட்டு. உனக்கும் ஊசி போட்டாச்சுல்ல? இனி ஸ்கேனுக்குக் கூப்பிடுற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. பேசினா தொண்டை ஊசியில போட்ட அந்தச் சக்கரை மருந்த இழுத்துக்கும், படத்துல அந்த எடம் மின்னும்னு நர்ஸம்மா சொல்லுச்சுல்ல? எனக்கும்தான் சொல்லுச்சு. துணிக்கடையில பேசியே பொழப்ப ஓட்டுனவ நான், அடங்குவேனா!

பயமா இருக்கா? அட, ஒண்ணும் இல்ல. புத்துநோய்க் கட்டிக்குச் சக்கரைன்னா உசுரு. ஓடி வந்து தின்னும், தின்னா மின்னும், மாட்டிக்கும். அவ்ளோதான் சங்கதி. மின்னிடுமோன்னுதான பயப்படுற? எல்லாரும் அப்படித்தான்.

எங்க அக்காவுக்கு நுரையீரல்ல கட்டி. இதே ரூம்தான். நீ சாஞ்சிருக்கியே, அதே நாற்காலி. ஐயோ, எந்திரிக்காத, ஒட்டிக்கிற நோவு இல்ல! அவ என்னை மாதிரி இல்ல, ரொம்ப அடக்கம். சொன்ன பேச்சத் தட்டாம வாய மூடிக்கிட்டுக் கெடந்தா. படம் வந்துச்சு. கட்டி மின்னவே இல்ல. மின்னலைன்னா பெரும்பாலும் நல்லதுதான், ஆனா-ன்னு டாக்டர் ஆரம்பிச்சாரு. அந்த ஆனாவுக்கு அப்புறம் யாரு கேட்டா? எல்லாரும் அவளக் கட்டிப்பிடிச்சு சந்தோசத்துல ஓன்னு அழுதோம். திரும்ப வரச் சொன்ன தேதிக்கு யாரும் போகல.

அது சக்கரைய அவ்வளவா தொடாத ரகமாம். அபூர்வமாம். கடையில அபூர்வ ரகம்னு சொல்லித்தான் நான் வெலைய ஏத்துவேன், பாரேன் கொடுமைய. அவள மாதிரியே சத்தமில்லாம வளந்துச்சு. அவ போய்ச் சேந்துட்டா, இப்பவும் அடுப்படியில நிக்கிறப்ப முதுகுக்குப் பின்னாடி அவ இருமுறா கண்ணு. திரும்பிப் பாக்க மாட்டேன்.

எனக்கா? சதைய எடுத்துப் பாத்துட்டாங்க. அதே ரகந்தான். இதுல மின்னலைன்னா வேற மருந்து போட்டு இன்னொரு படம் எடுப்பாங்களாம். இந்தத் தடவ ஆனாவுக்கு அப்புறமும் ஒக்காந்து கேட்டுக்கிட்டேன்.

கேட்டு என்ன, அந்த இருட்டுப் படத்த மறுபடி பாக்க என்னால முடியாது. அதான் பேசுறேன். தொண்டையாவது மின்னட்டும். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்கல்ல?

தலையாவது ஆட்டு கண்ணு.