கொண்டை ஊசி சொன்ன அளவு

லிட்டில் இந்தியாவில் ரயிலேறிய கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். மனைவியின் உள்ளங்கையில் நடுவில் ஓட்டையும் தலையில் 130 என்ற எண்ணும் உள்ள இரண்டு குட்டிப் பித்தளைத் திருகுகள்.

“என்னங்க, இந்த நூத்திமுப்பதும் அந்த நூத்திமுப்பதும் ஒண்ணில்ல லா!”

“ரெண்டும் பைக் கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டுதானே? நம்பர் பாத்துத்தான் மாத்தினேன்.”

“கம்பெனி வேற. பழசுல நம்பர், நிமிஷத்துக்கு எவ்ளோ பெட்ரோல் பாயுதுன்னு. புதுசுல ஓட்டையோட அளவு.”

மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவி இரண்டு ஓட்டையிலும் நுழைத்துப் பார்த்தார். பழையதில் சிக்கியது. புதியதில் வழுக்கிக்கொண்டு போனது.

கணவர் எழுந்தே விட்டார்.

“அப்ப பெட்ரோல் கூடிப்போய்த்தான் பைக்ல கரும்புகை! எஞ்சின் போயிடுச்சுன்னு நெனச்சோமே, அது நல்லாத்தான் இருக்கு!”

“முதல்ல பைக்கை உடைக்க எடுத்துட்டுப் போக வர்ற ஸ்க்ராப் லாரிக்குப் போன் போடுங்க!”

போட்டார்.

“அண்ணே, லாரி அனுப்பாதீங்க. பைக் சரியாயிடுச்சு… இல்ல, இன்னும் ஸ்டார்ட் பண்ணல. மெக்கானிக்கா? இல்லண்ணே, என் வைஃப் கொண்டை ஊசி விட்டுப் பாத்தா.”