வெந்நீர் விடுதியை நான்தான் தேர்ந்தெடுத்தேன்

ஒரு விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் புகழ்ந்து எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. குறை சொல்லி எழுதியவர்களைத்தான் படிக்க வேண்டும். புகழ்கிறவன் தன் பயணத்தைப் பற்றிப் பேசுகிறான். குறை சொல்கிறவன்தான் விடுதியைப் பற்றிப் பேசுகிறான். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள் நான். சூரிய உதயம் பார்க்க வந்தவனுக்கு எந்த அறை, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதிக்கு எந்த அறை, தனியாக வந்து கடலையே வெறிக்கிறவனை எந்த மாடியில் விடக் கூடாது என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். ஆகவே, ஜப்பானில் அந்த விடுதியை யார் தேர்ந்தெடுத்தது என்று இரண்டு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நான்தான். பதினொரு விடுதிகளைப் பார்த்து, பத்தைத் தள்ளி, ஒன்றை எடுத்தேன். என் மகள் ஜின்சி கொடுத்த புகாரில் அதை மட்டும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் குடிப்பாரா, அடிப்பாரா என்று நேற்று கேட்டீர்கள். ஆம் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு வேலை எளிதாகியிருக்கும். இரண்டும் இல்லை. ஆன்றோ நல்ல மனிதர். முட்டத்துக்காரர். இருபத்தேழு வருடம் குவைத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருவார். அந்த நாற்பது நாளில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்ததில்லை. சகாயசெல்வியும் ஆன்றோவும் மாதிரி இருக்கணும் என்று கோயிலில் கல்யாணப் பிள்ளைகளிடம் சொல்வார்கள்.

பிறகு அவர் வந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்டோடு, திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் வந்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே லாட்ஜ் மேனேஜரை அவரே போனில் கூப்பிட்டு, செல்வி இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் மீன் உரசிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில்.

"இத்தன வருசம் உன்ன தனியா போட்டுட்டேன் ஏட்டி. இனி ஒரு நிமிசம் விட மாட்டேன்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கண்ணில் தண்ணீரோடு சொன்ன வார்த்தைக்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது, மேடம்?

சொன்னபடியே விடவில்லை. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்து, குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பொரித்த சாளை மீனை வைத்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டுப் பழகியவள் நான். இப்போது நான் எந்த அறையில் இருந்தாலும் அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

"செல்வீ... எங்க இருக்க?"

"இங்கதான் இருக்கேன்."

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து குவைத் கதை சொல்வார். ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் வந்து, என்னைவிட அரை வார்த்தை முந்திச் சொல்வார். பிரிந்திருக்கலாமே என்கிறீர்கள். யாரிடம் போய் என்ன காரணம் சொல்லி? புருஷன் வீட்டில் இருக்கிறான் என்றா?

மூன்று வருடம் பொறுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜின்சி ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் போனில் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குளுரு காலத்துல வயசானவங்களக் குளிப்பாட்டதுதான் எங்களுக்குப் பயம், கேட்டியளாம்மா. குளுருல நின்னுட்டு நேரா சூடு வெள்ளத்துல எறங்கினா பிரஷர் டக்குனு விழும். ஹார்ட்டு கேடு உள்ளவங்க அப்பிடியே தொட்டிக்குள்ள போயிருவாங்க. பிரஷர் பாக்காம ஒருத்தரையும் எறக்க மாட்டோம்."

நான் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதல்ல. அவள் சொல்லித்தான் தெரியும். இதை ஏன் அவள் புகாரில் விட்டுவிட்டாள் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

ஜனவரியில் அவளைப் பார்க்கப் போவதென்று முடிவானது. ஜப்பான் வரை போகிறோம், அங்கே மலையில் வெந்நீர் ஊற்று விடுதிகள் உண்டு, பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, அவர்களே கட்டிக்கொள்ள அங்கி கொடுப்பார்கள், இரண்டு நாள் தங்குவோம் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நம்ம ரெண்டு பேரும் மட்டுமா?" என்று கேட்டார்.

ஜின்சி ஒரு விடுதியைச் சொன்னாள். ரயில் நிலையத்துக்கு அடுத்த தெரு, எதிரே ஆஸ்பத்திரி. பணிப்பெண்கள் மணிக்கொரு தரம் வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று எல்லோரும் பாராட்டியிருந்தார்கள். தள்ளினேன். இன்னொன்றில் ஆண்களுக்குப் பொதுக்குளம். ஒருவர் வழுக்கினால் நான்கு பேர் தூக்குவார்கள். அதையும் தள்ளினேன். ஒன்றில் தண்ணீர் இளஞ்சூடு. ஒன்றில் குளியல் அறைக்குள்ளேயே அழைப்பு மணி இருந்தது.

பதினோராவது விடுதிக்கு ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்: 'பஸ் நாளுக்கு இரண்டுதான். குடும்பமாகக் குளிக்கும் அறை தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. பனியில் நடந்து போக வேண்டும். உடை மாற்றும் இடத்தில் கணப்பு இல்லை. தண்ணீர் தாங்க முடியாத சூடு. போனில் சிக்னல் இல்லை. நாமாகப் போய்க் கூப்பிட்டாலொழிய யாரும் வருவதில்லை.'

உடனே பதிவு செய்தேன். ஜின்சிக்கு விடுப்பு கிடைக்காத இரண்டு நாளாகப் பார்த்துத்தான்.

மாத்திரையில் கை வைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. காலையில் பிரஷர் மாத்திரையை நானே எண்ணிக் கொடுத்தேன். நான் அப்படிப்பட்டவள் அல்ல. நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். அன்றும் அங்கேதான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டோடு சின்னக் குப்பியில் அவர்களுடைய அரிசி மது வைத்தார்கள். குடிக்காத மனிதர், மரியாதைக்கு என்று நான் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தார். மூன்று மணிக்குத் தோட்டத்தைத் தாண்டிக் குளியலுக்குப் போனோம். நல்ல வெளிச்சம். மரங்களில் பனி. மெல்லிய அங்கியோடு அவர் நடுங்கிக்கொண்டே சிரித்தார். உடை மாற்றும் அறையின் சுவரில் ஜப்பானிய மொழியில் ஒரு பலகை.

"என்னட்டி போட்டிருக்கு?"

சிக்னல் இல்லாமலே மொழிபெயர்க்கும்படி ஜின்சி போட்டுக் கொடுத்திருந்த போனை அதன் முன்னால் பிடித்துப் படித்தேன். குடித்தவர்கள், இதயநோய் உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று போட்டிருந்தது.

"துணி இல்லாமதான் எறங்கணும்னு போட்டிருக்கு" என்றேன்.

"நாசமாப் போச்சு" என்று வெட்கப்பட்டார். "நீயும் வா."

"நீங்க எறங்குங்க. நான் பொறவு வாறேன்."

கதவை இழுத்துச் சாத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து, "வெள்ளம் கொள்ளாம் ஏட்டி, அடுப்புல வச்ச மாதிரி இருக்கு" என்று அவர் மெச்சுவது கேட்டது. அதன் பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக நான் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்கார அம்மாவிடம் நான் சொல்லப் போனபோது நாலரை மணி இருக்கும். எண்பதை ஒட்டிய கிழவி. தன் விடுதியில் இப்படி ஆகிவிட்டதே என்று என் காலடியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மன்னிப்புக் கேட்டாள். நான்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த ஊர்ப் போலீசும் டாக்டரும் இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முட்டத்தில் அடக்கம் செய்தோம். நாற்பது நாள் முடிந்து லாட்ஜ் வேலைக்குத் திரும்பினேன். அதில் என்ன தவறு? கறுப்புச் சேலை கட்டிக்கொண்டுதான் போனேன்.

என்னைக் கொண்டுபோங்கள், நான் ஓடப் போவதில்லை. கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் புகாரில் ஒரு வரி பொய். அதை அடித்துவிட்டு எழுதுங்கள். தோட்டத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது ஓர் ஆண் குரல் மூன்று முறை கேட்டதென்றும், தம்பதி பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டதாகவும் அந்தக் கிழவி ஜின்சியிடம் சொன்னாளாம். அதை வைத்து, 'அப்பா கூப்பிட்டும் அம்மா பதில் சொல்லவில்லை' என்று இவள் எழுதியிருக்கிறாள்.

முதலில், "செல்வீ, எங்க இருக்க?" என்றார். "இங்கதான் இருக்கேன்" என்றேன். அடுத்து, "எழும்ப முடியல்ல ஏட்டி, அந்த மாத்திரைய எடு" என்றார். "இந்தா எடுக்கேன்" என்றேன். பை மடியில் இருந்தது. கடைசியில் வெறும் பெயரைத்தான் சொன்னார், பாதிப் பெயர். "வாறேன்" என்றேன்.

மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறையும் பதில் சொன்னேன். கட்டிய புருஷன் கூப்பிட்டு வாய் திறக்காமல் இருந்தவள் என்று என்னைப் பற்றி யாரும் எழுதக் கூடாது.