பட்டையில் மூன்று ஓட்டை

— திருப்பி முதல்ல இருந்து சொல்லு டார்லா. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை.

— எத்தனை தடவைடி மார்லிஸ்? இது மணிக்கட்டுல கட்டுற பட்டை. வில்லு நாணை இந்தக் கொக்கியில மாட்டி இழுப்பே, ஆள்காட்டி விரலால விசையைத் தட்டுவே, அம்பு போயிடும். இன்னொண்ணு இந்தக் கைப்பிடி, கையில பிடிக்கிறது. மூணு விரலை நுழைச்சு இறுக்கிப் பிடிக்கணும், கட்டைவிரலால அழுத்தணும். அவ்வளவுதான்.

— ரெண்டும் அம்பைத்தானே விடுது?

— சைக்கிளும் டிராக்டரும்கூட ரோட்டுலதான் போகுது.

— கிண்டல் பண்ணாதே. மரத்து மேல பரண் கட்டி உக்காந்திருக்கிறவங்களுக்கு எது நல்லது? அதைச் சொல்லு.

— கேளுடி. பட்டைன்னா கையோடவே இருக்கும், தொலையாது. ஆனா ஏணியில ஏறும்போது கொக்கி டங்குன்னு தட்டும், மான் ஓடிடும். கைப்பிடி சத்தம் போடாது, குறியும் சுத்தமா இருக்கும். ஆனா குளிர்ல விரல் மரத்துச்சுன்னா நழுவி இருபது அடி கீழ போய் விழும். இறங்கி எடுத்துட்டு ஏறுறதுக்குள்ள காடே காலி.

— இப்போ இன்னும் குழப்பிட்டே.

— யாருக்குன்னு சொன்னாத்தானே நான் தெளிவா சொல்ல முடியும்!

— ஆர்விட்டுக்கு.

— ஓ.

— என்ன ஓ? பதினோரு மாசம் பிரிஞ்சிருந்தா கட்டின புருஷனுக்கு ஒரு சாமான் வாங்கித் தரக்கூடாதா? சனிக்கிழமை வேட்டை சீசன் ஆரம்பம். அவரு கார்டு போட்டிருந்தாரு. ‘உன் பரணுக்குப் புதுப் பலகை போட்டுட்டேன். வர்றதுன்னா வா.’

— ஆர்விட் ரெண்டு வரி எழுதினானா! காலண்டர்ல குறிச்சு வைக்கணும்டி.

— அதான் எனக்கும் ஆச்சரியம். இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன். சுவத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குன்னுதானே மேடிசன் டவுனுக்குக் கிளம்பிப் போனேன். இந்த ரெண்டு வரியைப் பாத்ததும் பெட்டியைக்கூட கட்டிட்டேன்.

— அப்போ போயேன்! வெறுங்கையோட போனாலே அவனுக்குப் போதும்.

— போகத்தான் இருந்தேன், நேத்து வரைக்கும். இந்தப் பட்டையைப் பாரு.

— இது... இது உன்கிட்ட எப்படி வந்துச்சு?

— ‘அப்பா ஜாக்கெட்டை விட்டுட்டுப் போயிட்டாரு, துவைச்சுக் கொடும்மா’ன்னு என் பொண்ணு கிர்ஸ்டன் கொண்டு வந்தா. பாக்கெட்டுல இருந்துச்சு. அவரு ஆயுசுல பட்டை கட்டினதில்லை. மாட்டுக்குத்தான் கயிறு வேணும்னு கட்டுறவனையெல்லாம் கேலி பண்ணுவாரு. அதான் உன் கடைக்கு வந்தேன். சரி, எந்த ஓட்டையில பக்கிள் மாட்டியிருக்கு பாரு. நான் கட்டிப் பாத்தேன். எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. ஆர்விட் மணிக்கட்டும் என் மணிக்கட்டும் ஒண்ணா?

— அது அவனோடதுதான். ரெண்டு நாளா காணோம்னு தேடிட்டிருக்கான்.

— யாருக்கு வாங்கினாரு? நீதானே வித்தே? யாருடி அவ?

— எவளும் இல்லை, சத்தியமா.

— பொய் சொன்னா எட்டாங்கிளாஸ்ல இருந்தே உனக்குக் காது சிவக்கும்.

— என் காதை விடுடி! எவளாவது இருந்தா அவன் வில்லோட இழுவையை நான் எதுக்கு நாப்பது பவுண்டுக்கு இறக்கிக் கொடுக்கணும்... ஐயோ.

— நாப்பதா? அவரு எழுபது இழுக்கிறவரு. நாப்பது நான் வெறும் விரலால இழுக்கிறது. அப்போ பொம்பளைதான்! புதுப் பலகை எனக்குப் போட்டதா, அவளுக்கா? நான் எதுக்கு வரணும், காபி போட்டுக் கொடுக்கவா?

— மார்லிஸ், நான் வாக்குக் கொடுத்திருக்கேன். என்னைக் கேக்காதே. அந்தப் பட்டையைக் கேளு.

— பட்டையை என்னத்தைக் கேக்குறது?

— ஜன்னல்கிட்ட வச்சுப் பாரு. நீ பக்கிளை மட்டும்தான் பாத்திருக்கே.

— ஓட்டைதான் இருக்கு. தளர்வா கட்டுற இந்த வெளி ஓட்டை இழுபட்டு நீளமாயிருக்கு, வேர்வை பட்டுக் கறுத்திருக்கு. அடுத்ததும் கொஞ்சம் இழுபட்டிருக்கு. உள்ள இருக்கிறது... இது கடையில போட்டது இல்லையே. கோணலா இருக்கு.

— ம்.

— கூரை ஆணியால அடிச்சது. அவரு பெல்ட்டுக்கும் இப்படித்தான் அடிப்பாரு. ஒருநாளும் நேரா விழுந்ததில்லை.

— நான் ஒண்ணும் சொல்லலைடி. நீயா சொல்றே.

— வேற ஒருத்தி கட்டியிருந்தா ஒரு ஓட்டைதான் தேஞ்சிருக்கும். இது வெளியில இருந்து ஒண்ணொண்ணா உள்ள வந்திருக்கு. டார்லா, மூணும் ஒரே கைதான். இளைச்சுக்கிட்டே வந்திருக்கு.

— உக்காரு. இந்த ஸ்டூல்ல உக்காரு.

— என்னன்னு சொல்லு.

— ஜனவரியில வயித்துல ஆபரேஷன். பாதி வயித்தை எடுத்துட்டாங்க. புத்துநோய் இல்லை, டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு, பயப்படாதே. ஆனா அவனுக்குச் சாப்பாடு இறங்கலை. டப்பா சூப்பைச் சூடு பண்ணி நின்னுக்கிட்டே குடிக்கிறான். விரல்ல பிடி போயிடுச்சு, கைப்பிடி நழுவுது. பட்டைன்னா பாரம் மணிக்கட்டுல நிக்கும். மார்ச்சுல வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்கினான்.

— கிர்ஸ்டனுக்கும் தெரியுமா? பாக்கெட்டைப் பாத்துட்டுத் துவைம்மான்னு ரெண்டு தடவை சொன்னாளே!

— அவகிட்டயும் வாக்கு வாங்கிட்டான். பாவம் பாத்து மார்லிஸ் வரக்கூடாதாம். வர்றதுன்னா ஆசைப்பட்டு வரணுமாம்.

— முட்டாள் மனுஷன்! வாயைத் திறக்கலைன்னுதானே விட்டுட்டுப் போனேன். வயித்தை அறுக்கும்போதாவது திறந்திருக்கக்கூடாதா?

— திட்டு, நல்லா திட்டு. ஆனா அவன்கிட்ட போய்த் திட்டு. இப்போ இந்தக் கைப்பிடியைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கவா, வேண்டாமா?

— வேண்டாம். இந்த வெளி ஓட்டை இவ்வளவு இழுபட்டிருக்கே, இன்னும் தாங்குமா?

— தாங்கும், நல்ல தோல். அதை எதுக்குக் கேக்குறே? அவனுக்கு அது இப்போ லொடலொடன்னு இருக்கும்.

— சீசன் எப்போ முடியுது?

— ஜனவரி முதல் வாரம்.

— உன் கடையில விக்கிற அந்தக் காட்டரிசியில நாலு பை எடுத்து வை. ஜனவரிக்குள்ள சூப்பும் சோறும் போட்டு அவரை இந்த வெளி ஓட்டைக்குக் கொண்டு வந்துடுறேன்.