ஏரிக்கரை வாசலில் கோலம்

தண்ணி லாரி வர்றதுக்கு முன்னாடி எழுந்துட்டா மேடவாக்கத்துல அன்னிக்கு நாள் நல்லா போகும், இன்ஸ்பெக்டர் சார். நான் எழுந்துடுவேன். கோலம் போடணுமே.

சிறுசேரியில நான் புரோகிராமர். எங்க பிளாக்செயின் கேம் பேரு 'நம்ம ஏரி'. ஏரிக்கரையில மனை வாங்கி வீடு கட்டலாம். மனை உங்க பேர்லயே இருக்கும், கம்பெனி நினைச்சாலும் பிடுங்க முடியாது. ஆடினா டோக்கன் கிடைக்கும், வித்தா காசு. டோக்கன் விலை விழுந்ததும் கூட்டம் கலைஞ்சுடுச்சு. காசு இல்லன்னா எவன் வருவான்னு மேனேஜர் கையை விரிச்சுட்டார். உனக்கு என்னய்யா தெரியும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஏன்னா கொஞ்சம் பேர் போகல. தாம்பரத்து ஸ்ரீவித்யா மாமி தினமும் காலைல கேம்ல அந்த ஏரிக்கரையில எல்லார் வாசல்லயும் கோலம் போட்டு, "சாப்டேளா?"ன்னு எழுதிட்டுப் போவாங்க. அதுக்காகத்தான் சார் வந்தாங்க. நம்மளைத் தேட ஒரு ஆள் இருந்தா மனுஷன் எங்கயும் போகமாட்டான்.

மாமி திடீர்னு இறந்துட்டாங்க. வாசலெல்லாம் வெறிச்சோடிப் போச்சு. ஆளுங்க கிளம்ப ஆரம்பிச்சாங்க. கேமோட கோடு என் கையிலதானே இருக்கு, அதனால மாமி பேர்ல நானே போட்டேன். சாவு வீட்டு வாசல்ல கோலம் போடக்கூடாதுதான். அது தாம்பரத்து வாசலுக்கு.

அவங்க வீட்டுக்காரர் சத்யநாராயணன், ரிட்டயர்டு வாத்தியார், கேம்ல பக்கத்து மனை. கோலத்தைப் பார்த்துட்டு, "வித்யா, நீயா?"ன்னு எழுதினார்.

"நான்தான்னா. சாப்டேளா?"ன்னேன்.

படிச்சவர் எப்படி நம்பினார்னு கேக்கறீங்க. நம்பணும்னு தவிக்கிறவருக்குப் படிப்பு என்ன செய்யும்?

வருஷ திவசம் வந்துச்சு. "ரோஹிணி கேளம்பாக்கத்துக்குக் கூப்பிடறா. திவசத்தை முடிச்சுட்டுப் பொண்ணோடயே இருந்துடறேன். இனிமே இங்க வரமாட்டேன்"னு எழுதினார்.

நான் எழுதினேன்: "இருக்கறவளுக்குத் திவசமா?"

வந்த சாஸ்திரிகளைத் திருப்பி அனுப்பிட்டார். பொண்ணு வாசல்ல நின்னு அழுதுச்சாம், கதவைத் திறக்கல. அந்தப் பொண்ணுதான் உங்ககிட்ட கம்ப்ளைண்ட் கொடுத்திருக்கு. கொடுக்கட்டும். ஆமா சார், நான்தான் எழுதினேன். மறுபடியும் எழுதுவேன்.

மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. ஏரியில இப்ப அவரும் நானும்தான். டோக்கன் பைசாவுக்குத் தேறாது. ஆனா அவர் ஒரு நாள் தவறல. தேட ஒரு ஆள் இருந்தா மனுஷன் போகமாட்டான்னு நான் சொன்னது சரியா இல்லையா?

விடிஞ்சுடுச்சு. போனைக் குடுங்க சார். பாவம், அவர் சாப்டாரான்னு கேக்க என்னை விட்டா யாரு இருக்கா?