திருப்பிக் கேட்க முடியாத வாக்கியம்

இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்கள் தெருவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். கோடையில் இடைவெளி இன்னும் நீளும். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நிற்கிறோம் என்றால் மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, மேடம். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஷோபனா. பி.எஸ்சி. வேதியியல். பங்கஜம் அம்மாள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே முன்பக்கம் அவரும் மருமகள் ராஜகுமாரியும். மகனுக்குக் கப்பலில் வேலை, பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டார். பின்பக்கத்தில் முனியாண்டி அண்ணனும் அவர் மனைவி மரகதம் அக்காவும். அண்ணனுக்கு அபர்டீன் பஜாரில் காய்கறிக் கடை.

முற்றத்தில் தரையோடு தரையாக ஒரு சம்ப், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. ஆள் ஆழத்துக்கு மேல். அதன் இரும்பு மூடியில் ஏறி நின்றால்தான் மாடிக்குத் தண்ணீரை ஏற்றிவிடும் சுவரோர வால்வு கைக்கு எட்டும். தண்ணீர் வரும் விடியற்காலைகளில், என் இரண்டாவது குடம் பாதி ஆவதற்குள் பங்கஜம் அம்மாள் வந்து அந்த மூடியில் நின்று வால்வை மூடிவிடுவார்.

"பஸ், பஸ். போதும். ஏ பி.எஸ்சி., உனக்கு எதுக்குடி இவ்ளோ தண்ணி? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசறதில்ல. தொண்டை எங்க காயப்போகுது?"

கீழே எல்லாரும் சிரிப்பார்கள். முனியாண்டி அண்ணனும் சிரிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் பங்கஜம் அம்மாள் ஏறக்குறைய இதையே சொன்னார். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பதில் உடனே வருவதில்லை. மறுநாள் வரும், அப்போது எதிரில் ஆள் இருக்கமாட்டார்.

அப்படிப்பட்டவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். அதில் நான் பேச வேண்டியதில்லை. பலகையில் ஒரு வாக்கியத்தைப் பாதி எழுதுவேன். மீதியை வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து நிரப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள். ராஜகுமாரியும் வந்தாள். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலைக்குப் போக அவளுக்கு ஆசை. மாமியாருக்குத் தெரியாமல் படித்தாள்.

அந்த வாரப் பாடம் இதுதான். ஐ ஆம் சோ ஹாப்பி தட். ஐ ஆம் டெரிப்ளி வொரீட் தட். ஐ ஆம் அப்சல்யூட்லி சர்ட்டன் தட். முதலில் மனநிலை, அதன் தலையில் ஓர் அழுத்தச் சொல், பிறகு ஒரு 'தட்'. அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். தமிழில் நாம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நம்புகிறோமா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறோம். இங்கே நம்பிக்கை முன்னால் போய்க் கதவைத் திறந்து வைக்கிறது. விஷயம் உள்ளே வருவதற்குள் கேட்பவர் தலையாட்டத் தொடங்கிவிடுவார். இதை நான் நன்றாகவே விளக்கினேன்.

அந்த வாரத்தில்தான் பங்கஜம் அம்மாள் சம்பில் விழுந்து இறந்தார். விடியவில்லை. கூப்பிட்டால் கேட்காத கனமழை, கரண்ட் இல்லை. முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். வால்வை மூட வந்தவர் வழக்கமான இடத்தில் காலை வைத்தார். மூடி அங்கே இல்லை. பக்கத்தில் நகர்ந்து கிடந்தது.

அன்று மாலை ராஜகுமாரி என் அறைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சமையலறை ஜன்னலில் இருந்து யாரோ சம்ப் பக்கம் குனிந்து நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"முனியாண்டி அண்ணன் மழைக்கோட்டு மாதிரி இருந்துச்சுக்கா. ஆளு சரியா தெரியல."

அந்தக் கோட்டு மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்குவது. தெருவுக்கே தெரியும். முந்தின தண்ணீர் நாளில் அண்ணனுக்கும் பங்கஜம் அம்மாளுக்கும் பெரிய சண்டை நடந்ததும் தெரியும். மறுநாள் போலீசில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டாள். இங்கிலீஷில் சொல், மரியாதையாக இருக்கும் என்றேன். அவள் என் முன்னால் உட்கார்ந்து, பாடத்தில் இருந்த மூன்றாவது வாக்கியத்தை நிரப்பினாள். 'தட்' என்பதற்குப் பின்னால் முனியாண்டியின் பெயரை வைத்தது அவள்தான். உச்சரிப்பை மட்டும் நான் திருத்தினேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எல்லாரையும் அப்படித்தான் சொல்லச் சொல்வேன். விளக்கேற்றும் நேரத்தில் அவள் குரலில் தடுமாற்றம் இல்லை. படியிறங்கும்போது திரும்பி, "இப்ப யோசிச்சா அவர் மூஞ்சியே கண்ணுல நிக்குதுக்கா" என்றாள்.

நான் எதையும் சேர்க்கவில்லை.

உங்களுக்கு முன்னால் விசாரித்த எஸ்.ஐ. சின்ன வயது. இந்தத் தீவில் யார் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இந்தியில் பேசுவோம், பேரம் பேசுவோம், சண்டை போடுவோம், குறுக்கே விழுந்து கேள்வி கேட்போம். ராஜகுமாரி இந்தியில் சொல்லியிருந்தால் அவரும் கேட்டிருப்பார். எவ்வளவு தூரம், வெளிச்சம் இருந்ததா, முகமா கோட்டா. அவள் இங்கிலீஷில் சொன்னாள். திருப்பி இங்கிலீஷில் கேட்க அவருக்குக் கூச்சம். "ஓகே, ஓகே" என்று எழுதிக்கொண்டார். அவள் துணைக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர் கேட்கமாட்டார் என்று முன்பே தெரியும்.

ஆணியில் கோட்டு ஈரமாக இருந்தது. முனியாண்டி அண்ணனைக் கூட்டிப் போனார்கள்.

மழைக்கு முன்பே புரோத்ராபூர் போய்விட்டதாகவும், பக்கிரிசாமி என்பவர் தோட்டத்தில் காய் ஏற்றிக்கொண்டிருந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பக்கிரிசாமி அன்று மதியமே சென்னைக் கப்பல் ஏறிவிட்டார். நடுக்கடலில் போன் எடுக்காது. மாட்டிக்கொண்டவன் ஊரில் இல்லாத ஆளைச் சாட்சி சொல்கிறான் என்று எஸ்.ஐ. நினைத்திருப்பார்.

அடுத்த நாள் மரகதம் அக்கா வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணனை ஏற்றிப்போன வண்டிக்காரன் பெயர், புருஷன் கிளம்பியபோது தூறல்கூட இல்லாதது, அதனால்தான் கோட்டை விட்டுப் போனது. இந்தியில் கடகடவென்று சொல்லக்கூடியவர். பஜாரில் அவர் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

"நான் போய் சொல்லிர்றேன் ஷோபனா. கேட்க மாட்டேன்னா சொல்லுவாங்க?"

இந்தியில் போய் நின்றால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள் என்றேன். ராஜகுமாரிக்குக் கொடுத்த அதே இங்கிலீஷ் வாக்கியத்தைக் கொடுத்தேன். என் கணவர் நிரபராதி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவ்வளவுதான், அழகான வாக்கியம். அதை மனப்பாடம் செய்தார். எஸ்.ஐ. முன்னால் பிசகாமல் சொல்லியும்விட்டார். அவர் "ஓகே, ஓகே" என்றார். எல்லா மனைவிகளும் சொல்வதுதானே. எதைக் கேட்பார்? வண்டிக்காரன், தூறல், கோட்டு எல்லாம் மரகதம் அக்காவின் வாயிலேயே நின்றுவிட்டன. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு பக்கிரிசாமி கப்பலில் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு நேராக உங்களிடம் வந்தார். நீங்கள் ராஜகுமாரியைக் கூப்பிட்டுத் தமிழில் விசாரித்தீர்கள். இரண்டு கேள்விக்குள் அவள் "மூஞ்சி தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். தமிழில் அவளுக்குச் சந்தேகம் வரும்.

இப்போது என்னிடமும் தமிழில் கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் நீ எங்கேம்மா இருந்தாய் என்று. இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயில்லாத பெண் என்று என்னைப் பற்றி அந்த வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அதனால் எனக்குக் கோபம் இல்லை. நான் யாரையும் வெறுக்கிறவள் அல்ல. பாடம் சொல்லிக் கொடுத்தேன், தண்ணீர் பிடித்தேன், அவ்வளவுதான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அது நன்றாகவே பழகியிருந்தது.

நீங்கள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பதில் மறுநாள் வரட்டும் என்று விடுகிறவராகத் தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

"மூடியை நகர்த்தினது நான் மேடம். அந்தக் கோட்டைப் போட்டுட்டு நின்னதும் நான்தான். அவங்கள நான் தள்ளல. உள்ள இருந்து என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, ரொம்ப நேரம். படியில நின்னு கேட்டுட்டே இருந்தேன். வால்வை யாரும் மூடல, மேல தண்ணி வந்துட்டே இருந்துச்சு. அதான் போய் அடுத்த குடத்தை வச்சேன்."